மூச்சு விடும் மூடி

"நான்தான்க்கா கொன்னேன்."

கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தொட்டிக்காரரின் இடது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. போலீஸ் கைவரிசை என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். அப்படி இல்லை. திங்கட்கிழமை பல் பிடுங்கிய வீக்கம்.

"எத்தனை பேரை அண்ணே?" என்று கேட்டான் ஈர்க்குச்சி.

"எண்ண முடியாது தம்பி. கோடிக்கணக்குல இருக்கும்னு எங்க முனைவர் சொன்னாரு."

ஈர்க்குச்சி அக்காவின் பக்கம் திரும்பினான். "நம்ம தொழில்ல இதுதான்க்கா பெரிய கேஸ். ஒரே ஆள், கோடிக்கணக்குல கொலை, ஒரு பிணம் கூடக் கிடைக்கல."

"வாயை மூடுடா."

அக்கா துப்பறியும் பலகை மாட்டுவதற்கு முன்னால் பதினொரு வருடம் வெளுப்புப் பட்டறையில் ஈரத்துணி சுமந்தவள். அந்த வேலை அவளுக்கு இரண்டு பழக்கங்களைக் கொடுத்திருந்தது. யார் பேசினாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பாள். எதிராளியின் சட்டை எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு சந்தேகப்படுவாள். ஈர்க்குச்சிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. உடம்பு வளர மறுத்துவிட்டதால் வாய் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

தொட்டிக்காரரின் கைகளைப் பார்த்தாள். தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி வழவழவென்று இருந்தன. அவற்றைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"எதைக் கொன்னே? நிதானமாச் சொல்லு."

"மூணாம் தொட்டியில இருந்ததுங்களை. நொதிங்கக்கா. சாயப்பட்டறையிலிருந்து செக்கச் செவேல்னு தண்ணி வரும். இதுங்க அந்தச் சாயத்தை உடைச்சு, தண்ணியைக் கண்ணாடி மாதிரி ஆக்கி கால்வாய்க்கு அனுப்பும். தினமும் காலையில நீல டிரம்முல இருந்து எடுத்து ஊத்துவேன். மேல ரெண்டு கிலோ சர்க்கரை தூவுவேன். அதுதான் அதுங்களுக்குச் சாப்பாடு. ஞாயித்துக்கிழமை டிரம் தீந்து போச்சு, சர்க்கரை மட்டும் தூவினேன். திங்கக்கிழமை பல்லு பிடுங்கப் போய்ட்டேன். சர்க்கரை போடல. பட்டினி போட்டுட்டேன்க்கா."

"உயிரோட இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மூச்சு விடுமே! டிரம் மூடியில காதை வெச்சா புஸ்சு புஸ்சுன்னு கேக்கும். வெயில் ஏற ஏற வேகமா விடும். எனக்கும் அப்படித்தானேன்னு நினைச்சுக்குவேன்."

"ஆசிட் ஊத்தினியா?"

"ஆசிட்டா? எதுக்குக்கா?"

ஆனால் சப்-இன்ஸ்பெக்டரின் மேஜையில், முனைவர் எழுதி வாங்கி அனுப்பியிருந்த தாள் வேறு சொன்னது. முனைவர் மீதிருந்த கோபத்தில் மூன்றாம் தொட்டியில் ஆசிட் ஊற்றி நொதியை அழித்தேன், அதனால்தான் சாயநீர் அப்படியே கால்வாய்க்குப் போனது என்று எழுதி, கீழே கட்டைவிரல் ரேகை பதித்திருந்தது. மஞ்சள் நிற ஆசிட் கேன் ஒன்று தொட்டிக்காரரின் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது.

"அவரு சர்க்கரைங்கறாரு, தாள்ல ஆசிட்டுன்னு இருக்கே சார்?"

"கொன்னேன்னு சொல்றான்ல? பட்டினி போட்டுக் கொன்னா என்ன, ஊத்திக் கொன்னா என்ன?" சப்-இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். "கால்வாய்த் தெருவுல முப்பத்தெட்டு பேரு ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. ரெண்டு குழந்தைங்க இன்னும் கண்ணு முழிக்கல. நாலு மணிக்கு இவனை நீதிபதி முன்னால நிறுத்தறேன். அப்புறம் வெளிய வர எத்தனை வருஷமோ."

அப்போது மணி ஒன்றேகால்.

வெளியே பெஞ்சில், அக்காவைக் கூப்பிட்டனுப்பிய தொட்டிக்காரரின் மனைவி சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகையெல்லாம் காலையிலேயே தீர்ந்து இப்போது கோபம் மட்டும் மிச்சமிருந்தது.

"இந்த மனுசனுக்கு வீட்டுல பொண்ணு சாப்பிட்டாளான்னு தெரியாதுக்கா. தொட்டி சாப்பிட்டுச்சான்னு மட்டும் தெரியும். அதுகிட்ட உக்காந்து பேசுவாராம். என்கிட்ட என்னிக்காவது பேசியிருக்காரா? இப்ப அதுக்காக ஜெயிலுக்குப் போறேன்கறாரு, சந்தோசமா!"

"போக விடமாட்டேன்" என்றாள் அக்கா. பிறகு உள்ளே தலையை நீட்டி, "சார், ஆசிட் ஊத்தின தொட்டியில தண்ணி எடுத்து வெச்சீங்களா? நீதிபதி கேப்பாரே?"

சப்-இன்ஸ்பெக்டரின் இரண்டாவது கொட்டாவி பாதியில் நின்றது.

"ரெண்டரைக்கு பாட்டிலோட அங்க வாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டியை உதைத்தாள்.

*

தொட்டிக்காரர் வேலை பார்த்த சாயநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் மரம் ஒன்று வரைந்த பலகை இருந்தது. உண்மையான மரம் ஒன்றுகூட உள்ளே இல்லை. வாட்ச்மேன் கதவைத் திறப்பதற்குள் மூன்று முறை இருமினார்.

"சளியா அண்ணே?"

"இங்க எல்லாருக்கும் இப்படித்தான்மா. டிரம்மைத் திறந்தா தொண்டையில முள்ளு வெச்சு இழுக்கும். எலுமிச்சம்பழ வாசனையும் சேர்ந்து வரும். நொதி வேர்க்குதுன்னு முனைவர் சொன்னாரு."

"இதுக்குப் பல்லும் இருக்குமோ என்னவோ" என்று முணுமுணுத்தான் ஈர்க்குச்சி.

"எப்பவுமே இருமலா? ஒரு நாள் கூட விடாம?" என்று கேட்டாள் அக்கா.

வாட்ச்மேன் யோசித்தார். "போன ஞாயிறும் திங்களும் இல்ல. நல்லா மூச்சு விட்டேன். டிரம் கொண்டாற லாரி வரலைல்ல? செவ்வாய் சாயங்காலம் லாரி வந்துச்சு, இதுவும் வந்துடுச்சு." மறுபடி இருமினார்.

கால்வாய் சிவந்தது திங்கட்கிழமை. அக்கா அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டு மாடியேறினாள்.

முனைவர் என்பது அந்த நிலையத்தின் தலைவருக்கு ஆட்கள் வைத்த பெயர். அவரே விரும்பி வைத்துக்கொண்டது போலத்தான் நடந்துகொண்டார். அறை குளுகுளுவென்றிருந்தது. சுவர் முழுக்கக் கேடயங்கள். நடுவில், அவரே ஒரு கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பிடித்து அதைப் பார்த்துச் சிரிக்கும் பெரிய படம். குடுவையில் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. அவருடைய சட்டையும் அப்படித்தான்.

"உங்களுக்கு எந்த அளவுக்குப் புரியும்னு தெரியல" என்று ஆரம்பித்தார்.

"நாங்க மக்குங்க சார். மக்குக்குச் சொல்ற மாதிரியே சொல்லுங்க" என்றான் ஈர்க்குச்சி.

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "செத்த மரத்து மேல ஒரு காளான் வளரும். மரத்தையே கரைச்சுடும். எப்படிக் கரைக்குது? ஒரு நொதியைச் சுரக்குது. அதே நொதி சாயத்தையும் உடைக்கும்னு நான் கண்டுபிடிச்சேன். கத்தரிக்கோல்னு வெச்சுக்கங்க. சாய மூலக்கூறு ஒரு நீளமான நூல். இது நறுக் நறுக்னு வெட்டும். வெட்டுப்பட்டா நிறம் போயிடும். ரசாயனம் வேணாம், விஷம் வேணாம். இயற்கையே இயற்கையைச் சுத்தம் பண்ணிக்கும்."

"அந்த நொதிக்கு உயிர் இருக்கா சார்?" என்று கேட்டாள் அக்கா.

"கத்தரிக்கோலுக்கு உயிர் இருக்குமா மேடம்?"

"மூச்சு?"

முனைவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது ஒரு புரதம். அவ்வளவுதான்."

"பசி எடுக்குமா?"

சிரிப்பு கொஞ்சம் பின்வாங்கியது.

"இல்ல, கத்தரிக்கோலுக்கு எதுக்கு தினமும் ரெண்டு கிலோ சர்க்கரைன்னு யோசிச்சேன்" என்றாள் அக்கா. "சாப்பாடு போடலன்னா செத்துடும்னு தொட்டிக்காரர் நம்பிக்கிட்டு இருக்காரே."

"ஓ, அதுவா?" முனைவர் கையை வீசினார். "கீழ இருக்கற ஆளுங்களுக்கு அறிவியல் சொன்னா புரியாது மேடம். உயிர் இருக்கு, பசிக்கும்னு சொன்னா கரெக்டா ஆறு மணிக்கு வேலைக்கு வருவான். இந்தத் திங்கக்கிழமை வரைக்கும் ரெண்டு வருஷமா ஒரு நாள் லீவு போடல. மேலாண்மைன்னா இதுதான்."

ஈர்க்குச்சியின் வாய் திறந்தது. அக்கா அவன் காலை மிதித்தாள்.

"அப்போ சர்க்கரை போடாததால எதுவும் சாகல."

"சாகாது. அதனாலதான் சொல்றேன், ஆசிட் ஊத்தியிருக்கான்."

"ஆசிட் பட்டா என்ன ஆகும்? தொட்டி வெடிக்குமா, புகையுமா? பக்கத்துல போகப் பயமா இருக்கு சார்."

"சேச்சே. நொதி சுருண்டுக்கும், வேலை செய்யாது. பக்கத்துல நிக்கற ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. இப்பப் புது நொதி போட்டாச்சு, போய்ப் பாருங்க. குடிக்கலாம் போல இருக்கும்."

"நீங்க குடிச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டான் ஈர்க்குச்சி.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

*

டிரம் கொட்டகைக்கு நாலு பக்கமும் தகரம். உள்ளே நுழைந்ததும் அடுப்பின் வாய்க்குள் தலையை நீட்டினது போல இருந்தது. முப்பது நாற்பது நீல டிரம்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பச்சை இலை போட்ட அழகான லேபிள். 'குளிர்ந்த இடத்தில் மட்டும் வைக்கவும்.'

"குளிர்ந்த இடமாம்" என்றான் ஈர்க்குச்சி. "இங்க முட்டையை வெச்சா ஆம்லெட்டாத்தான் திரும்பி வரும்."

"பேசாம இரு. கேளு."

புஸ்ஸ்.

ஒரு டிரம்மின் மூடி பெருமூச்சு விட்டது. பக்கத்து டிரம் அதற்குப் பதில் சொன்னது. பிறகு மூலையிலிருந்து ஒன்று. ஈர்க்குச்சி இரண்டடி பின்னால் போய், நின்றிருந்த டிரம் ஒன்றில் முதுகைச் சாய்த்தான்.

"அக்கா, நிஜமாவே மூச்சு விடுது! அந்த ஆளைப் பைத்தியம்னு நினைச்சேனே."

அக்கா ஒரு மூடியைத் துடைத்துப் பார்த்தாள். நடுவில் ஊசி முனையளவு ஓட்டை. உள்பக்கம் ரப்பர். "ஓட்டை போட்ட மூடிடா. தெரியாம விழுந்த ஓட்டை இல்ல, வேணும்னே போட்டது. உள்ளே இருக்கறது சூடாச்சுன்னா காத்தைக் கக்கும். வழி விடலன்னா டிரம் வீங்கிக் கிழியும். புரதத்துக்கு எதுக்கு ஜன்னல்?"

"அப்போ உள்ள என்ன இருக்கு?"

"உன் சட்டையைக் கேளு."

அவன் முதுகைத் திருப்பிப் பார்க்கப் போராடினான். புத்தம் புதுசு, கறுப்புச் சட்டை. டிரம்மின் ஓரத்தில் வழிந்திருந்த ஈரம் பட்ட இடத்தில் செங்கல் நிறத்தில் ஒரு வட்டம் பரவிக்கொண்டிருந்தது. அது பார்க்கப் பார்க்க வெளிறியது.

"ஐயோ, போன வாரம்தான்க்கா வாங்கினேன்!"

"வெளுப்புத் தண்ணி" என்றாள் அக்கா. "ப்ளீச். பட்டறையில துணி வெளுக்கப் போடறது. வாடை தெரியாம இருக்க எலுமிச்சை செண்டு கலந்திருக்கான். மூடி மூச்சு விடறதை நான் பதினொரு வருசம் கேட்டிருக்கேன். உள்ள பேயும் இல்ல, உயிரும் இல்ல, கத்தரிக்கோலும் இல்ல."

"அப்போ அந்தக் காளான்?"

"சுவத்துல படமா மாட்டியிருக்கு."

"சாயத்தை உடைக்கறதும் இல்லையா?"

"நிறம் போகும். அதுக்கு பதிலா வேற விஷம் கால்வாய்க்குப் போகும். பார்க்க வெள்ளையா இருந்தா போதும்கறவனுக்கு இது போதும்டா. சனிக்கிழமை சரக்கு தீர்ந்து, லாரி வராம போயிருக்கு. ரெண்டு நாள் ப்ளீச் இல்ல. வாட்ச்மேனுக்கு இருமல் இல்ல. தண்ணிக்கு வெளுப்பு இல்ல. கால்வாய் சிவந்துடுச்சு. பழி போட ஒரு ஆள் வேணும். பல்லு பிடுங்கப் போனவன் மாட்டிக்கிட்டான்."

ஈர்க்குச்சி சட்டையைத் தேய்ப்பதை நிறுத்தினான். "ஆசிட்?"

"யாரும் ஊத்தல. கேனை அந்தாள் பெட்டியில வேணும்னே வெச்சிருக்காங்க. எங்க பட்டறையில ஒருத்தி தெரியாத்தனமா வெளுப்புத் தண்ணியில ஆசிட்டைக் கொட்டிட்டா. பச்சையா ஒரு புகை வந்துச்சு. நாலு பேரைத் தூக்கிட்டுப் போனோம். மூணு பேர்தான் வீட்டுக்குத் திரும்பினாங்க." அக்கா மூடியிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "இந்தத் தொட்டியில மிச்சம் மீதி இருந்த ப்ளீச்சுல ஆசிட் விழுந்திருந்தாக்கூட இங்க நின்னு இருமறதுக்கு ஒரு ஆள் மிஞ்சியிருக்க மாட்டான்."

"போலீஸ்கிட்டச் சொல்லிடலாம்க்கா."

"சொன்னா தண்ணியைப் பரிசோதனைக்கு அனுப்புவாரு. முடிவு வர மூணு வாரம். நமக்கு இருக்கறது ஒண்ணரை மணி நேரம். போ, வாட்ச்மேன்கிட்ட அதே மாதிரி ஒரு மஞ்சள் கேன் வாங்கிட்டு வா. வெறும் கேனா கொண்டாந்துடாத."

*

இரண்டே முக்காலுக்கு மூன்றாம் தொட்டியின் விளிம்பில் நாலு பேர் நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு சோடா பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். முனைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் தோட்டத்தைக் காட்டுகிறவர் மாதிரி நின்றார். தண்ணீர் பளபளத்தது. ஈர்க்குச்சி மஞ்சள் கேனை இரண்டு கைகளாலும் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அது என்னது?" என்றார் முனைவர்.

"நடந்ததை நடந்த மாதிரியே நடத்திப் பாக்கறோம் சார். தாள்ல இருக்கறபடி." அக்கா கேனை வாங்கி மூடியைத் திருகினாள். "தொட்டிக்காரர் இங்கதான் நின்னாரு, இப்படித்தான் சாய்ச்சாரு. நொதி சுருண்டுக்கும், பக்கத்துல நிக்கற ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வேணாம். புது நொதி வீணாயிடும்."

"ஒரு கேன்தானே சார்."

"மேடம், வேணாம்னு சொல்றேன்ல—"

அக்கா சாய்த்தாள்.

கேனின் வாயிலிருந்து முதல் கோடு தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே முனைவர் அங்கே இல்லை. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, கேடயம் வாங்கப் போகிறவர் கூட அப்படி ஓடமாட்டார் என்கிற வேகத்தில் முற்றத்தைக் கடந்து, காற்று வரும் திசையாகப் பார்த்து மதிலோரம் போய் ஒட்டிக்கொண்டார். யாரையும் அவர் கூப்பிடவில்லை. ஓடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் சோடா பாட்டிலோடு தொட்டி விளிம்பில் குனிந்தபடியே இருந்தார்.

கேன் காலியாகும் வரை ஊற்றினாள் அக்கா. கடைசியில் கொஞ்சம் உள்ளங்கையில் பிடித்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

"குழாய்த் தண்ணி சார்" என்றாள் சப்-இன்ஸ்பெக்டரிடம். "தொட்டியில இருக்கறது துணி வெளுக்கற ப்ளீச். அதுல ஆசிட் விழுந்தா கிளம்பற புகையில நீங்களும் நானும் இங்கயே விழுந்திருப்போம். இது நொதின்னு நினைக்கறவன் ஓடமாட்டான். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன்தான் ஓடுவான்."

சப்-இன்ஸ்பெக்டருக்கு ப்ளீச்சும் நொதியும் இன்னும் குழப்பமாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்துவிட்டது.

"என்னை விட்டுட்டு ஓடினான்யா!" என்றார்.

வாட்ச்மேன் இருமிக்கொண்டே வாசல் கதவைப் பூட்டினார்.

மதிலோரத்தில் முனைவருக்கு மூச்சு திரும்ப இரண்டு நிமிடம் ஆயிற்று. வெள்ளைச் சட்டையில் சுவரின் பாசி பச்சையாக அப்பியிருந்தது.

"நொதி பொய் இல்ல" என்றார். முதல் முறையாக அவர் குரலில் வகுப்பெடுக்கும் தொனி இல்லை. "குடுவையில வேலை செஞ்சுது. நிஜமாவே செஞ்சுது. அந்தப் படத்துல இருக்கறது பொய் இல்ல. இங்க உப்பு அதிகம், சூடு அதிகம். மூணே நாள்ல ஒண்ணுமில்லாம போச்சு."

"வேலை செய்யலன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள் அக்கா.

"விருது குடுத்துட்டாங்க மேடம். மந்திரி வந்து கை குலுக்கிட்டுப் போய்ட்டாரு. அதுக்கப்புறம் யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

"முப்பத்தெட்டு பேரு ஆஸ்பத்திரியில இருக்காங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க. சும்மாதான் படுத்திருக்காங்க."

முனைவர் சட்டையைத் தட்டி நேராக்கிக்கொண்டார். பாசி போகவில்லை. ஆனால் முகத்தில் கொஞ்சம் நிமிர்வு வந்தது. "சரி. ப்ளீச் போட்டது விதிமீறல். ஒத்துக்கறேன், அபராதம் போடட்டும். ஆனா திங்கக்கிழமை வால்வைத் திறந்து கால்வாய்க்கு விட்டது அவன். ஏதோ கோபத்துல பண்ணேன்னு அவனே கைரேகை வெச்சுக் குடுத்திருக்கான். ஆசிட்டோ என்னவோ, அந்தத் தாளை என்ன பண்ணுவீங்க?"

சப்-இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். அவருக்கும் அந்தத் தாள்தான் பிரச்சினை. மணி மூன்று பத்து.

"நல்ல கேள்வி" என்றாள் அக்கா. "ஜீப்புல ஏறுங்க சார். தாளையே கேட்டுடலாம்."

*

காவல் நிலையத்தில் அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை. மைப் பெட்டியும் ஒரு வெள்ளைத் தாளும்தான் கேட்டாள்.

"தொட்டிக்காரரே, கட்டைவிரலை வைங்க."

வைத்தார். தாளில் விழுந்தது ஒரு கறுப்புத் திட்டு. கோடு இல்லை, சுழி இல்லை, ஒன்றுமில்லை. இன்னொரு முறை வைத்தார். மறுபடியும் தார் சொட்டு மாதிரி ஒரு வட்டம். சப்-இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்துத் தானே உருட்டி எடுத்துப் பார்த்தார். பத்து விரலிலும் அதே கதைதான்.

"ரெண்டு வருசமா உறை போடாம ப்ளீச்சுல கை விட்டவன் விரல் சார்" என்றாள் அக்கா. "ரேகையெல்லாம் அது தின்னுடுச்சு. எங்க பட்டறையில பாதிப் பேருக்கு இப்படித்தான். இப்ப உங்க தாளை எடுங்க."

எடுத்தார். ஒப்புதல் தாளின் அடியில் இருந்த ரேகை தெள்ளத் தெளிவாக இருந்தது. சுழி சுழியாக, அழகாக, ஒரு கோடு கூட அழியாமல். நடுவில் மட்டும் குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல். தழும்பு இருக்கிற விரல்.

"அன்னிக்கு முனைவர் ரூம்லயும் நான் வெச்சேனே சார்" என்றார் தொட்டிக்காரர் குழப்பத்தோடு. "மை அப்பிக்கிச்சு. வேற தாள் எடுத்துட்டு வர்றேன்னு முனைவர் உள்ள போனாரு. அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்ல."

எல்லோரும் முனைவரைப் பார்த்தார்கள். அவர் வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டார்.

"வெளிய எடுங்க சார்" என்றான் ஈர்க்குச்சி. "கத்தரிக்கோல் எதுவும் வெட்டாது."

சப்-இன்ஸ்பெக்டர் காத்திருக்கவில்லை. பைக்குள்ளிருந்து கையை இழுத்து மேஜை மேல் விரித்தார். கட்டைவிரலின் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு.

"எப்படி ஆச்சு இது?"

முனைவர் விரலை மடக்கப் பார்த்தார். பிறகு, "குடுவை உடைஞ்சு கிழிச்சுது" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் பழைய தாளைப் பத்திரமாக உறையில் போட்டார். கம்பிக் கதவைத் திறந்தார். நீதிபதிக்கு வேறு ஆளைக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் புதிதாக எழுதவும் உட்கார்ந்தார். தன் கொட்டாவிகளைப் பற்றி அதில் அவர் எதுவும் எழுதவில்லை.

"நீங்க போகலாம். சாட்சியாக் கூப்பிட்டா வரணும்."

தொட்டிக்காரர் அசையவில்லை. "வால்வைத் திறந்தது நான்தான் சார். அதையும் எழுதிக்கங்க. பல்லு பிடுங்கிட்டு மத்தியானம் திரும்பி வந்தேன். எல்லாம் செத்துடுச்சு, நாறும், சீக்கிரம் திறந்து விடுன்னு முனைவர் சொன்னாரு. நான்தான் திறந்தேன். அந்தக் குழந்தைங்களுக்கு நான்தானே தண்ணியை அனுப்பினேன்?"

"சொன்னவன் பேரை முதல்ல எழுதறேன். அப்புறம் உங்க பேரு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே ஒழுங்கான வாக்கியம் அதுதான்.

ஈர்க்குச்சிதான் மெதுவாக விஷயத்தை உடைத்தான். டிரம்மில் இருந்தது என்ன, மூடி எதற்குப் புஸ்ஸென்றது, சர்க்கரை எதற்கு என்று ஒவ்வொன்றாக. வழக்கமாக ஒரு விஷயத்துக்கு நாலு கிண்டல் சேர்த்துச் சொல்கிறவன், இதைக் கிண்டல் இல்லாமல் சொல்லி முடிக்கச் சிரமப்பட்டான்.

தொட்டிக்காரர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த முனைவரின் முன்னால் போய் நின்றார். அடிக்கப் போகிறார் என்று சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தடுக்கிற அவசரம் எதுவும் அவர் காட்டவில்லை.

"சார், அது நிஜமாவே எங்கேயாவது இருக்கா?"

முனைவர் நிமிர்ந்தார். "எது?"

"நொதி."

"இருக்கு. மேல, என் ரூம்ல. ஃபிரிஜ்ஜுல ஒரு சின்னக் குப்பியில."

"வேலை செய்யுமா?"

"செய்யும். நல்ல தண்ணி, சூடு கம்மியா இருந்தா செய்யும்."

தொட்டிக்காரர் யோசித்தார். "கரண்ட் போயிடப் போகுது சார். ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி வாட்ச்மேன்கிட்டயாவது சொல்லி வைங்க. அப்பப்போ பாத்துக்கச் சொல்லி."

முனைவரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாசலில் மனைவி வந்து நின்றிருந்தாள். கணவனின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். தூக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அந்த ரேகையில்லாத விரல்களைக் கெட்டியாகப் பிடித்து இழுத்தாள்.

"அதைப் பாத்துக்கிட்டது போதும்" என்றாள். "நட."